பூமாலையோடு வெள்ளம் பார்க்கப் போன தெரு

காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே, மலை இறங்கி முடிகிற இடத்தில் நிற்கும் எந்தத் திராட்சைப் பந்தலையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது வேறு எவனோ போட்டது. ஆடாவிட்டால் சுருளியாண்டி போட்டது. இதை அவரே எல்லாரிடமும் சொல்வார். கேட்காதவர்களிடம் இரண்டு தரம் சொல்வார்.

படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதிதான். வாய்ப்பாடு வரவில்லை என்று வாத்தியார் வெயிலில் நிறுத்தினார். சும்மா நிற்கிற வெயிலில் வேலை பார்த்தால் கூலியாவது கிடைக்குமே என்று கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை. ஒன்பது வயதில் கல் பொறுக்கினார். பதினைந்தில் கல்தூண் சுமந்தார். இருபதில் கம்பி இழுக்கக் கற்றுக்கொண்டார். முப்பதில் சொந்தமாக ஆள் வைத்துப் பந்தல் எடுத்தார். இப்போது எழுபத்தொன்று. அவர் நட்ட தூண்களை வரிசையாக நிறுத்தினால் மதுரை வரைக்கும் போகும் என்பது அவர் கணக்கு. சரிபார்க்க இதுவரை எவனும் வரவில்லை.

பந்தல் நிற்பது தூணில் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். தப்பு. பந்தல் நிற்பது இழுகம்பியில். ஓரத்துத் தூண்களுக்கு வெளியே குழி தோண்டி, ஒரு பாறாங்கல்லைக் கம்பி சுற்றிப் புதைத்து, அந்தக் கம்பியைத் தூணின் தலைக்கு முறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும். எத்தனை முறுக்கு என்பது புத்தகத்தில் இல்லை. கம்பியைச் சுண்டினால் வருகிற சத்தத்தில் இருக்கிறது. அந்தச் சத்தம் சுருளியாண்டியின் காதுக்குத் தெரியும். அதற்காகவே ஒரு கட்டிங் பிளேயரை இடுப்பு வாரில் செருகியிருப்பார். மகள் கல்யாணத்தில் பட்டு வேட்டியின் மேலும் அந்தப் பிளேயர் இருந்தது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் மணமேடைப் பந்தலின் ஒரு கால் சாய்ந்தபோது அதே சம்பந்திதான் "சம்பந்தி, அந்தப் பிளேயரக் குடுங்க" என்று கையை நீட்டினார்.

சொந்தமாக இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. தோட்டத்தின் மேட்டு மூலையில் வீடு. வீட்டில் அவரும் மனைவி கஸ்தூரியம்மாளும் ஒரு பசுமாடும். மலையிலிருந்து வருகிற ஓடை முதலில் அவர் தோட்டத்தைத்தான் உரசும். பிறகு ஓடைக்கரைத் தெருவின் முதுகை ஒட்டிப் போய்க் கீழே வயல்வெளிக்குள் இறங்கிவிடும். தெருவில் இருபத்திரண்டு வீடு. தெருவுக்கு மேலே பள்ளிக்கூடத்து மேடு. வாய்க்காலும் மடையும் ஓடைக்கு அந்தக் கரையில். தெருவிலிருந்து மடைக்குப் போக வேண்டுமென்றால் ஓடையில் இறங்கித்தான் ஏற வேண்டும். பாலம் கிடையாது. வருசத்தில் பதினோரு மாசம் கணுக்கால் நனைகிற ஓடைக்குப் பாலம் எதற்கு என்று தெருவே சேர்ந்து முடிவு செய்து வைத்திருந்தது.

அந்த ஓடையை ஒட்டித்தான் சுருளியாண்டி சுவர் எழுப்பியிருந்தார். சிமெண்ட் கிடையாது. கல்தூணை நட்டு, தூணுக்கும் தூணுக்கும் நடுவே பலகைக்கல்லைச் செருகி, ஓடைப் பக்கம் கல் புதைத்து இழுகம்பியை இழுத்து, முறுக்கைத் தோட்டத்துப் பக்கம் தூணில் போட்டு நிறுத்திய சுவர். முப்பது வருசம் ஒரு கல் அசையவில்லை. உள்ளதைச் சொன்னால், சுவர் ஓடைக்குள் பத்தடி தள்ளித்தான் நின்றது. தெருக்காரர்களும் சும்மா இல்லை. ஒருத்தன் மாட்டுக்கொட்டகையை ஓடைக்குள் இறக்கினான். ஒருத்தன் கக்கூஸ் கட்டினான். அவர்கள் திருட்டுத்தனமாக எடுத்தார்கள், சுருளியாண்டி தெரிகிற மாதிரி எடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவரே சொல்வார்.

இந்தப் பள்ளத்தாக்கில் பேரிடர் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் நாலு எஞ்சினியர் இருப்பான். அணை எத்தனை அடி, எந்த மதகில் எவ்வளவு வரத்து, சுவரின் உறுதி என்ன என்று டீ ஆறும்வரை பேசுவான். இருபது மைலுக்கு அப்பால் இருக்கிற அணையின் உடம்பு முழுக்கத் தெரிந்தவனுக்குத் தன் கொல்லைப்புறத்து ஓடை எங்கே பிறக்கிறது என்று தெரியாது. சுருளியாண்டி அந்தப் பேச்சில் சேரமாட்டார். டீயைக் குடித்துவிட்டுத் துப்பிவிட்டுப் போவார்.

புரட்டாசிக் கடைசியில் தெருவுக்கு ஒரு பயிற்சி முகாம் வந்தது. ராயப்பன்பட்டிக்காரி மெர்லின் என்ற பள்ளிக்கூட டீச்சரைப் பேரிடர் பற்றிப் பாடம் நடத்தப் போட்டிருந்தார்கள். தெருவுக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர். பெட்டிக்கடை கர்ணன் தலைவர் ஆனான். எப்படி ஆனான் என்றால், பேனா அவனிடம்தான் இருந்தது. ஒலிபெருக்கியை அவன் கடை ஓட்டு மேல் கட்டினார்கள். ஆளுக்கொரு மஞ்சள் பை கொடுத்தார்கள். அதற்குள் ஒரு டார்ச்சு, ஒரு விசில், ரேஷன் அட்டையை வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. விசிலைப் பெண்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மறுநாள் முழுக்கத் தெருவில் விசில் சத்தம். பை ஆணியில் ஏறியது.

சுருளியாண்டி முகாமுக்குப் போனது சிரிப்பதற்காக. முதல் அரைமணி நேரத்திலேயே வந்த வேலை முடிந்தது. நிலநடுக்கம் வந்தால் மேஜைக்கு அடியில் போய் உட்கார வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அந்தத் தெருவிலேயே ஒரே ஒரு மேஜைதான் உண்டு. அது கர்ணன் கடையில், மேலே மிட்டாய்ப் பாட்டிலோடு நிற்கிறது. இருபத்திரண்டு வீட்டாரும் அதற்கடியில் எப்படி நுழைவது என்று அவர் கேட்டார். அடுத்த பக்கம் சுனாமி. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு நாள் பஸ்ஸில் போக வேண்டிய ஊரில் சுனாமிக்கு மேட்டுக்கு ஓடுவது எப்படி என்று பாடம். அந்தப் பக்கத்தை மெர்லின் தானாகவே புரட்டிவிட்டாள். அவள் புத்திசாலி என்று சுருளியாண்டிக்கு முதல் சந்தேகம் வந்தது அப்போதுதான். ஆனாலும் படித்தவள் என்பதால் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அபாய அறிவிப்பு. அதை ஏதோ ஓர் ஆபீஸில் பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். கர்ணன் பொத்தானை அழுத்தினான். ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பது போல, "தண்ணீர் வருகிறது. பொதுமக்கள் தயாராக இருக்கவும்" என்று மூன்று தரம் சொன்னது. அதே வாசகம் ஒரு தகரப் பலகையிலும் எழுதித் தெருமுனையில் நட்டிருந்தது.

சுருளியாண்டி எழுந்து நின்றார். "இதக் கேட்டு எவன் ஓடுவான் டீச்சர்? தண்ணி வருதுன்னா இங்கன மாலையத் தூக்கிட்டு வருவாக."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அது உண்மை. இந்தப் பள்ளத்தாக்கில் "தண்ணி வருது" என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். லோயர் கேம்ப்பிலிருந்து பாசனத்துக்கு அணைத் தண்ணியைத் திறந்துவிட்டார்கள், வாய்க்காலில் வருகிறது, நாற்றங்காலைத் தயார் பண்ணு. பெரிய மனிதர்கள் அங்கே மதகைத் திறந்து பூத்தூவுவார்கள். அதைப் பார்த்து இந்தத் தெருவும் தன் மடையில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்து ஒரு மாலையை வாய்க்காலில் விடும். மலையிலிருந்து முரட்டுத்தனமாக இறங்குகிற தண்ணிக்கு வேறு பேர். அது காட்டுத்தண்ணி. அதை யாரும் வருகிறது என்று சொல்வதில்லை. இறங்குகிறது என்றுதான் சொல்வார்கள். வருகிறவன் விருந்தாளி, இறங்குகிறது வேறு சமாச்சாரம்.

சர்க்கார் வாசகத்தை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லை என்று கர்ணன் தலைவர் மிடுக்கோடு சொன்னான். தலைவராகி அப்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மெர்லின் மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, மேலே சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு ஒரு வரைபடத்தை விரித்து அவள் சொன்ன விஷயம்தான் சுருளியாண்டியின் சிரிப்பை நிறுத்தியது. ஓடை அகலம் குறைந்துவிட்டது, பெரிய மழை பெய்தால் தண்ணீர் நேராகத் தெருவுக்குள்தான் திரும்பும், திருப்பி அனுப்புவது தோட்டத்துச் சுவர். சுவர் இல்லாவிட்டால் அது தோட்டத்து வழியாகப் பின்னால் இருக்கிற கண்மாய்க்குப் போய்விடும்.

யார் சுவர் என்று அவள் பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"முப்பது வருசமா நிக்கிற சொவரு. ஓடைக்கு வழி காட்ட நீ யாரு ஆத்தா?" என்றார்.

"நான் காட்டல ஐயா. மழை பெஞ்ச மறுநாள் உங்க சொவத்துக்கு உள்பக்கம் எங்கன ஈரம் நிக்கிதுன்னு பாருங்க. அதுதான் வழி."

காகிதத்தைப் பார்த்து மண்ணைப் பேசுகிறவர்களோடு தனக்கு என்ன பேச்சு என்று வெளியே வந்துவிட்டார். அதற்கு முந்தைய நாள்தான் ஒரு மழை பெய்திருந்தது. தோட்டத்துக்குள் நுழைந்ததும், அவள் சொன்னாள் என்பதற்காக இல்லை, தற்செயலாகச் சுவரோரம் நடந்தார். ஏழாவது தூணிலிருந்து பதினோராவது தூண் வரைக்கும் உள்பக்கம் மண் சொதசொதவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். தோட்டத்துச் செம்மண் இல்லை. ஓடை மணல். பலகைக்கல் சந்து வழியாக எத்தனை வருசமாக வருகிறதோ. கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். சோறு சரியாக வேகவில்லை என்று கஸ்தூரியம்மாளிடம் சத்தம் போட்டார்.

ஐப்பசி இரண்டாம் வாரம். இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்று தெரு பதினைந்து நாளாகக் காத்துக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்கு உழுது போட்டாயிற்று. சுருளியாண்டியின் பந்தலில் கொத்துகள் கறுத்துத் தொங்கின. இன்னும் பத்து நாளில் வெட்டு. அந்த வருசத்தில் அப்படி ஒரு காய்ப்பு வேறு எந்தத் தோட்டத்திலும் இல்லை. இது அவர் பெருமைக்குச் சொன்னதில்லை, வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் பேரம் பேசாமல் விலையை ஒத்துக்கொண்டான்.

அன்று காலையிலிருந்தே மேகமலைச் சரிவு கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே கொட்டிக்கொண்டிருந்தது. கீழே தெருவில் வெறும் தூறல். மூன்று மணி வாக்கில் பந்தலுக்கு அடியில் நின்றவருக்கு ஏதோ ஒன்று குறைந்தது போலிருந்தது. காதைக் கொடுத்தார். காலையிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் சலசலத்துக்கொண்டிருந்த ஓடைச் சத்தம் இல்லை. ஒரு தூணில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தார். ஓடை வற்றிக் கிடந்தது. குழிகளில் மட்டும் செம்பட்டையாகக் கொஞ்சம் தண்ணீர். அதில் ஒரு கெண்டை துள்ளிக்கொண்டிருந்தது.

மேலே மழை கொட்டும்போது கீழே ஓடை வற்றினால் என்ன அர்த்தம் என்பதற்கு வரைபடம் வேண்டாம். எங்கேயோ மரம் விழுந்து, மண் சரிந்து, பாறை உருண்டு அடைத்திருக்கிறது. பின்னால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த அடைப்பு எப்போது உடையும் என்பதுதான் கணக்கு.

அந்த நேரத்தில், பொத்தானை அழுத்து என்று மட்டும் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்திருக்க வேண்டும், கர்ணன் கடை ஒலிபெருக்கி கரகரத்தது. "தண்ணீர் வருகிறது. பொதுமக்கள் தயாராக இருக்கவும்." மூன்று தரம்.

தெரு தயாரானது. அது தயாரான அழகைச் சுருளியாண்டி தூண் மேல் நின்றபடியே பார்த்தார். ஆம்பளைகள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். பொம்பளைகள் தட்டில் மஞ்சள், குங்குமம், சூடம் எடுத்தார்கள். கர்ணன் தோளில் ஒரு சாமந்தி மாலையும் கையில் தேங்காயுமாகத் தலைவர் நடையில் முன்னால் போனான். பிள்ளைகளையும் நடக்க முடியாத கிழடுகளையும் வீட்டில் விட்டுவிட்டு, மஞ்சள் பையை ஆணியில் விட்டுவிட்டு, முப்பது நாற்பது பேர் அந்த வற்றின ஓடையில் இறங்கி ஏறி அந்தக் கரைக்குப் போனார்கள். காலில் ஈரம்கூடப் படாமல் போனது எப்படி என்று அத்தனை பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

சுருளியாண்டி கர்ணனுக்குப் போன் போட்டார். "ஏலே கர்ணா, அது வாய்க்காத் தண்ணி இல்லடா. காட்டுத்தண்ணி. ஓடை வத்திருச்சு, பாத்தியா?"

"வத்துனா நல்லதுதான மாமா," என்றான் கர்ணன். "நீங்களும் வாங்க. தேங்கா உடைக்கப் போறோம்."

போனை மடியில் போட்டார். இவர்களுக்காக ஒரு வார்த்தை பேசுவதுகூட வீண் என்று தோன்றியது. அப்படியே விட்டிருந்தாலும் அவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்குள் இறங்கினார். மெர்லினின் ஸ்கூட்டர் கர்ணன் கடை வாசலில் சாய்ந்து கிடந்தது. அவளுக்கும் செய்தி வந்து ஓடி வந்திருக்கிறாள். பூட்டாத கடைக்குள் நுழைந்து மைக்கைப் பிடித்து, பொதுமக்கள் கவனத்திற்கு, வெள்ள அபாயம் உள்ளதால் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம் என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் ஒருத்தரும் தலையைத் திருப்பவில்லை. மடைக்குப் பக்கத்தில் சூடப்புகை கிளம்பியது. தண்ணீர் திறப்பு விழாவுக்கு ஆபீஸ் பேச்சும் சேர்ந்தால்தான் களை கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

சுருளியாண்டி அவள் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல் தடவை மைக் பிடிக்கிறார். அவருக்கு அது தேவையும் இல்லை.

"காட்டுத்தண்ணி எறங்குது. ஏலே, காட்டுத்தண்ணி எறங்குதுடா. பிள்ளைகளத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறுங்க."

புகைக்கு நடுவில் தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் தாம்பாளம் விழுகிற சத்தம் இந்தக் கரை வரைக்கும் கேட்டது. வயல் வரப்பில் அடித்துப் பிடித்து ஓடி வரத் தொடங்கினார்கள். அவர்கள் ஓடையைத் தாண்டி, வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைத் தூக்கி, மேடு ஏற வேண்டும். கால்மணி நேரமாவது ஆகும். மெர்லின் அதற்குள் முதல் வீட்டில் நுழைந்து ஒரு கிழவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். மேலே மலையில் லாரி கல்லைக் கொட்டுவது போல ஒரு சத்தம். நிற்காத சத்தம். அடைப்பு உடைந்துவிட்டது.

கால்மணி நேரம் இல்லை. ஐந்து நிமிசம் இருந்தால் பெரிசு. அந்தத் தண்ணி மொத்தமும் ஓடையோடு வந்தால் அவர் சுவரில் மோதித் தெருவுக்குள்தான் திரும்பும். அந்தப் பெண் காகிதத்தில் காட்டியது சரி. அதைவிட எரிச்சல், மண் காட்டியதும் சரி.

சுருளியாண்டி தோட்டத்துக்குத் திரும்பி ஓடினார். எழுபத்தொரு வயது ஓட்டம். இடுப்பிலிருந்து பிளேயரை உருவிக்கொண்டு ஏழாவது தூணுக்குப் போனபோது கஸ்தூரியம்மாள் பந்தலுக்கு அடியில் நின்றிருந்தாள். அவளும் சத்தத்தைக் கேட்டிருந்தாள்.

"வெட்டப் போறீகளா?"

"வேற என்னத்தச் செய்ய? தேங்கா உடைக்கவா?"

"பத்து நாளுல வெட்டுற பழம்."

"நாந்தான வளத்தேன். எனக்குத் தெரியாதா? போயி மாட்ட அவுத்துவிடு."

அவள் ஒரு கொத்தைக் கையால் தாங்கிப் பார்த்தாள். பறிக்கவில்லை. மாட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

ஏழாவது தூணின் இழுகம்பியில் பிளேயரை வைத்தார். முப்பது வருசத்துக்கு முன் தன் கையால் முறுக்கிய கம்பி. இரண்டு தரம் நெரித்ததும் பட்டென்று அறுந்து சாட்டை மாதிரி திரும்பி வந்து முழங்கையில் அடித்தது. ரத்தம் வந்தது. பார்க்க நேரமில்லை. எட்டு, ஒன்பது, பத்து. பத்தாவது கம்பி துருப்பிடிக்காமல் புதுசு போலிருந்தது. அந்த நேரத்திலும் ஒரு நொடி நின்று, நல்ல கம்பி என்று நினைத்துக்கொண்டார். பதினொன்றையும் அறுத்துவிட்டு வீட்டு மேட்டை நோக்கி ஓடினார். படியில் கால் வைப்பதற்கும் ஓடை வருவதற்கும் சரியாக இருந்தது.

அது தண்ணீர் மாதிரியே இல்லை. மண்ணும் மரமும் கல்லும் ஒன்றாக நடந்து வந்தது. சுவரில் முட்டி ஒரு கணம் தேங்கியது. பிறகு ஏழிலிருந்து பதினொன்று வரைக்கும் ஐந்து தூண்களும் தோட்டத்துப் பக்கம் குனிந்தன. ஆறாவது தூணும் பன்னிரண்டாவது தூணும் அப்படியே நின்றன. கம்பி அறுக்காத தூண் எதுவும் விழவில்லை என்பதை அவர் இன்றைக்கும் விரல் விட்டுச் சொல்வார். திறந்த வாசல் வழியாகப் பாதி வெள்ளத்துக்கு மேல் தோட்டத்துக்குள் நுழைந்தது. வேரோடு வந்த மரங்களைப் பந்தல் கம்பி வலை போட்டது போலப் பிடித்து நிறுத்தியது. முதல் வரிசைத் தூண்கள் சாய்ந்தன. இரண்டாவது வரிசை சாய்ந்தது. நாலாவது வரிசை தாங்கியது. தண்ணீர் மட்டும் வடிந்து கண்மாய்க்குப் போனது. கறுத்த கொத்துகளெல்லாம் சேற்றுக்கு அடியில் போய்விட்டன.

கீழே ஓடையைத் தாண்டியவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர். சுவர் நின்றிருந்தால் அது தலைக்கு மேல் போயிருக்கும். கையைக் கோத்துக்கொண்டு ஏறி, வீட்டில் இருந்தவர்களைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். பிள்ளைகள், கிழடுகள், மெர்லின், எல்லாரும் பள்ளிக்கூடத்து மேட்டில். போனது ஐந்தாறு கோழி, இரண்டு மாட்டுக்கொட்டகை, கர்ணனின் பைக், அப்புறம் தெருவின் ஒரே மேஜை. நல்லவேளையாக அதற்கடியில் யாரும் இல்லை. கர்ணன் மேட்டில் நின்று நடுங்கியபோது கழுத்தில் அந்தச் சாமந்தி மாலை அப்படியே கிடந்தது. வெள்ளத்துக்குப் போட எடுத்துப் போனதைத் தனக்கே போட்டுக்கொண்டு திரும்பி வந்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

மூன்றாம் நாள் ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். சேற்றைப் படம் எடுத்தார்கள். உரிய நேரத்தில் அறிவிப்புச் செய்ததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்று ஒருத்தர் எழுதினார். கர்ணனுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அவனும் கூசாமல் வாங்கிக்கொண்டான். சுருளியாண்டிக்கு ஒரு சால்வை போர்த்த வந்தார்கள். ஈரத்தில் நின்று மாட்டுக்குச் சளி பிடித்திருக்கிறது, அதற்குப் போர்த்துங்கள் என்று கையைக் காட்டினார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு சால்வை மாட்டின் மேல்தான் இருந்தது.

தகரப் பலகை மட்டும் வெள்ளத்திலும் அசையாமல் தெருமுனையில் நின்றது. "தண்ணீர் வருகிறது." உருப்படியானதெல்லாம் போய், அது மட்டும் நின்றதைப் பார்க்கப் பார்க்கச் சுருளியாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திராட்சைப் பெட்டியில் அடையாளம் போடுகிற கறுப்புப் பெயிண்டை எடுத்துக்கொண்டு போய், அதன் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதினார். காட்டுத்தண்ணி எறங்குது மேல ஏறு. அரை நாள் வேலை. மூன்றாம் வகுப்பின் விட்டுப்போன பாதி அந்தப் பலகையில் தெரிந்தது. வழியில் வந்த மெர்லின் நின்று படித்துப் பார்த்தாள். 'எறங்குது' என்பதை எழுத்தில் 'இறங்குகிறது' என்று போட வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள்.

"படிக்கிறவனுக்கா எழுதுனேன் டீச்சர்? ஓடுறவனுக்கு எழுதுனேன்."

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த வாசகத்தை எழுத்துப் பிசகாமல், அவர் எழுதியபடியே எழுதிக்கொண்டாள். புது ஒலிப்பதிவுக்கு மேலே அனுப்பப் போகிறாளாம். அன்றைக்கு அவர் அவளை டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். படித்தவர்களில் இதுவரை அவர் வீட்டில் டீ குடித்தது அவள் ஒருத்திதான்.

பந்தலைத் திரும்பப் போட்டார். ஒன்றரை ஏக்கர்தான் மிச்சம். மீதி மணல். சுவரையும் திரும்ப எழுப்பினார், தோட்டத்துக்குள்ளே பத்தடி தள்ளி. ஓடைக்கு இடம் விட்டீர்களா என்று கேட்டவனிடம், அங்கேதான் தூண் நடக் கெட்டி மண் இருக்கிறது என்றார். ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவே மட்டும் வேறு வேலை. அங்கே ஐந்து தூண்களின் இழுகம்பியையும் ஒரே வளையத்தில் கொண்டு வந்து சேர்த்து, வளையத்தை ஒரே ஒரு கம்பியில் கட்டியிருக்கிறார். அந்த ஒரு கம்பியை அறுத்தால் ஐந்தும் விழும். யார் வேண்டுமானாலும் அறுக்கலாம். மூன்றாம் வகுப்புகூட வேண்டாம். எந்த எஞ்சினியரும் சொல்லித் தரவில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பக்கத்துத் தூணில் ஆணி அடித்து ஒரு கட்டிங் பிளேயரைத் தொங்கவிட்டார். தெருவையே கூப்பிட்டு, தான் இல்லாத நாளில் காட்டுத்தண்ணி இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். கர்ணன் கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான். ஐந்தாம் நாள் பிளேயரைக் காணவில்லை. இரண்டாவது பிளேயர் ஒரு வாரம் இருந்தது. மூன்றாவதைச் சங்கிலி போட்டுக் கட்டினார். சங்கிலியோடு போனது. அறுப்பதற்கு அந்தப் பிளேயரையே எடுத்திருக்கிறார்கள், வேறு கருவி தெருவில் கிடையாது.

வெள்ளத்தில் போக விட்டிருக்க வேண்டும் இந்தத் திருட்டுக் கூட்டத்தை என்று கஸ்தூரியம்மாளின் காதுபடச் சொல்லிக்கொண்டே சுருளியாண்டி கம்பத்துக்கு டவுன் பஸ் ஏறினார். சாயங்காலம் திரும்பி வந்து ஆணியில் நாலாவது பிளேயரை மாட்டினார். சட்டைப் பையில் ஐந்தாவது இருந்தது.